சிறுநீரகத்தின் திறனும் மருந்தின் அளவும்

மருத்துவன் ஆராயவேண்டியவற்றை முறைப்படுத்திய திருவள்ளுவர், நோயின் அளவையும் காலத்தையும் கூறுதற்கு முன்னர் நோயுற்றவனின் அளவையே முதற்கண் வைத்தார். அவ்வளவினுள் அவனது பருவமும் வலிமையும் அடங்கும் என்பர் உரைகாரர். சித்த வைத்தியரும் நோயாளியின் சிறுநீரைக் கலத்தில் ஏந்தி, அதன் நிறம், எடை, மணம், நுரை ஆகியவற்றை நோக்கி நீர்க்குறி கூறினர். அதன்மேல் விட்ட எண்ணெய்த் துளி பரவும் விதங்கண்டு நெய்க்குறி கூறினர். முறைகள் மாறின, வினா மாறவில்லை. இம்மருந்து இவ்வுடலினின்று எவ்வளவு விரைவில் வெளியேறும் என்பதே அவ்வினா. கண்டி தேசிய வைத்தியசாலையின் சிகிச்சைக்கூடங்களிலும், பேராதனையிலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய மலைப்புறத் தோட்டங்களின் மருந்தகங்களிலும் நாடோறும் எழும் வினா அது. விடை பிழைப்பின் நோய் தீர்க்க வந்த மருந்தே நஞ்சாகும்.

பழைய நூல்கள் குண்டிக்காய் என வழங்கிய சிறுநீரகம் ஒவ்வொன்றினுள்ளும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. இளமையும் நலமுமுடைய ஒருவரில் இவை யாவும் சேர்ந்து நிமிடத்துக்கு 100 முதல் 125 மில்லிலீற்றர் வரை நீரைக் குருதியினின்று வடிக்கின்றன. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 180 லீற்றர். இதில் ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளியேறுகின்றது. எஞ்சியதெல்லாம் மீளக் குருதியிற் சேர்க்கப்படுகின்றது. வடியும் இவ்வீதமே கலன்கோள வடிகட்டல் வீதம் எனப்படும். சிறுநீரகத்தின் திறனைக் குறிக்க மருத்துவர் கொள்ளும் அளவுகோல் இதுவே. முதுமையில் இவ்வீதம் நோயின்றியும் படிப்படியாகக் குறையும்.

உட்கொண்ட மருந்து உடலைவிட்டு நீங்கும் வழிகளில் ஈரலும் சிறுநீரகமும் தலையாயவை. சில மருந்துகளை ஈரல் சிதைத்துவிடும். அவற்றைப் பொறுத்தமட்டிற் சிறுநீரகத் தளர்ச்சி பெரிதும் ஊறு செய்யாது. வேறு சிலவோ உருமாறாமலே சிறுநீர்வழி வெளியேறுவன. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெற்போமின், இதயத்துக்குரிய டிகொக்சின், நுண்ணுயிர்களைக் கொல்லும் ஜென்டாமைசின் முதலியன இவ்வகையின. ஜென்டாமைசினின் பாதி, நலமுள்ள உடலினின்று இரண்டு மூன்று மணி நேரத்தில் நீங்கிவிடும். சிறுநீரகம் செயலற்றவரிலோ அதற்கு ஒரு நாளுக்கு மேலும் செல்லும். டிகொக்சினின் பாதி நீங்க இயல்பாக ஒன்றரை முதல் இரண்டு நாட்களாகும். செயலற்ற சிறுநீரகமாயின் நான்கு நாட்களும் அதற்கு மேலும் ஆகும். அத்தகையவருக்கு வழமையான மாத்திரையை வழமையான வேளைகளிற் கொடுத்துவந்தால், முன்னையது நீங்குமுன் பின்னையது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். டிகொக்சின் மிகின் இதயத் துடிப்பு ஒழுங்கு குலையும். ஜென்டாமைசின் மிகின் செவி கெடும், முன்னரே தளர்ந்த சிறுநீரகமும் மேலும் நலியும்.

குளமும் மதகும் இதற்கு நல்ல உவமையாகும். வறண்ட குளத்தை ஒரு மட்டத்துக்கு நிரப்ப வேண்டிய நீர், குளத்தின் பரப்பையும் ஆழத்தையும் பொறுத்தது. மதகின் அகலத்தைப் பொறுத்ததன்று. நிரம்பிய பின்னர் அம்மட்டம் மாறாதிருக்க நாடோறும் விடவேண்டிய நீரோ, மதகு வழியே எவ்வளவு வெளியேறுகின்றது என்பதைப் பொறுத்தது. மருந்தும் அவ்வாறே. முதல் அளவு உடலின் பருமனுக்கேற்பவும், தொடர்ந்து கொடுக்கும் அளவு சிறுநீரகத்தின் திறனுக்கேற்பவும் அமைதல் வேண்டும். கடுங்காய்ச்சலுடன் வந்தவருக்குச் சிறுநீரகம் தளர்ந்துள்ளதென்று அஞ்சி நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் அளவையே குறைத்துவிடுதல் தவறாகும். பெரும்பாலும் குறைக்கவேண்டியது பின்வரும் அளவுகளையே. அதனை இரு வழிகளிற் செய்யலாம். ஒவ்வொரு வேளைக்குரிய அளவைக் குறைத்தல் ஒன்று. வேளைகளுக்கிடையே உள்ள காலத்தை நீட்டுதல் மற்றொன்று. ஜென்டாமைசின் போல உச்ச அளவிலே வினையாற்றும் மருந்துகளுக்குப் பின்னைய வழி பொருத்தமுடையது.

இனி, மதகின் அகலத்தை அளப்பது எங்ஙனம்? உடலிற் சிதையாமலும், வடிந்தபின் மீள உறிஞ்சப்படாமலும் உள்ள ஒரு பொருளைக் குருதியிற் செலுத்தி, அது சிறுநீரில் வெளியேறும் வீதத்தைக் காண்பதே செம்மையான முறை. இதற்கு இனுலின் என்னும் மாப்பொருள் தெரிந்தெடுக்கப்பட்டது. நுவரெலியாப் பூந்தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் டேலியாச் செடியின் கிழங்கில் இப்பொருள் மிகுதியாக உண்டு என்பது ஈண்டு அறியத்தக்கது. எனினும் நோயாளி ஒவ்வொருவருக்கும் இனுலினை நாளத்தின் வழியே இடைவிடாது செலுத்தி அளத்தல் ஆய்வுக்கூடத்துக்கு இயலுமேயன்றி, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வரும் வைத்தியசாலைக்கு இயலாது. ஆதலின் உடல் தானே உண்டாக்கும் ஒரு பொருளை அளவுகோலாகக் கொள்ளும் முறை எழுந்தது. அப்பொருள் கிரியாற்றினின். தசைகளின் வினையில் இயல்பாகத் தோன்றி, குருதியிற் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்படும் கழிவு அது. 1886ஆம் ஆண்டில் மாக்சு யாபே என்னும் செருமானிய அறிஞர், காரமூட்டிய பிக்கிரிக் அமிலத்துடன் கிரியாற்றினின் சேரும்போது செம்மஞ்சள் நிறம் தோன்றுதலைக் கண்டறிந்தார். அந்நிற மாற்றத்தை அடியாகக்கொண்ட முறை இன்றும் பல ஆய்வுகூடங்களிற் கையாளப்படுகின்றது. டென்மார்க்கு நாட்டின் ரேபேர்க்கு என்பார் 1926இல் கிரியாற்றினினைக் கொண்டு வடிகட்டல் வீதத்தை அளக்கலாமெனக் காட்டினார். ஆயினும் அதற்கு இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரையும் ஒரு துளி சிந்தாது சேர்த்தல் வேண்டும். விடியலிற் கொழுந்துக்கூடையுடன் மலையேறி மாலையில் மீளும் ஒருவருக்கு இஃது எத்துணை இயலும் என்பது சொல்லாமலே விளங்கும்.

குருதியிலுள்ள கிரியாற்றினினை மட்டும் அளத்தலோ எளிது. ஆனால், எளிமையிலேயே ஏமாற்றமும் உளது. குருதியில் அதன் செறிவை உறுதிசெய்வன இரண்டு: ஒன்று, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகின்றது என்பது, மற்றொன்று, தசை எவ்வளவு உண்டாக்குகின்றது என்பது. தசை மெலிந்த உடலில் உண்டாவதே சிறிது. அங்குச் சிறுநீரகம் பாதி செயலிழந்த பின்னரும் அறிக்கையில் எண் இயல்பானதாகவே தோன்றும். ஊனுணவு அருந்தாதவரிலும் இவ்வெண் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

இக்குறையை நீக்க முயன்ற சூத்திரங்களுள் நெடுங்காலம் நிலைத்தது, கனடா நாட்டில் கொக்குரொவ்டு, கோல்ட் என்னும் இருவர் 1976இல் வெளியிட்டதாகும். 140இலிருந்து வயதைக் கழித்து, எஞ்சியதைக் கிலோகிராமிலுள்ள உடல் எடையாற் பெருக்கி, வந்ததைக் கிரியாற்றினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண்ணாயின் விடையை 0.85ஆற் பெருக்க வேண்டும். கிரியாற்றினின் இங்குத் தெசிலீற்றருக்கு மில்லிகிராமில் இருத்தல் இன்றியமையாதது. சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு மைக்குரோமோல் என்னும் அலகில் அறிக்கை தருவன; அவ்வெண்ணை 88.4ஆல் வகுத்தே சூத்திரத்தில் இடவேண்டும்.

இருவரைக் கருதிக்கொள்க. ஒருவர் 25 வயதும் 70 கிலோகிராம் எடையுமுள்ள இளைஞர். மற்றவர் 72 வயதும் 40 கிலோகிராம் எடையும் 148 சென்ரிமீற்றர் உயரமுமுள்ள மூதாட்டி. நாற்பதாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இருவர் அறிக்கையிலும் கிரியாற்றினின் 1.2 மில்லிகிராம். பல ஆய்வுகூடங்கள் இயல்பு எனக் குறிக்கும் எல்லையின் மேல் விளிம்பை ஒட்டிய எண் இது. சிவப்பு மையாற் கோடிட எவருக்கும் தோன்றாது. சூத்திரத்தில் இட்டுப் பார்ப்பின், இளைஞருக்கு நிமிடத்துக்கு 93 மில்லிலீற்றர் வருகின்றது. மூதாட்டிக்கு 27 மட்டுமே. ஒரே எண், ஒருவரின் சிறுநீரகம் நிறைவுடையது, மற்றவரது நாலிலொரு பங்கை ஒட்டியது.

சூத்திரம் கூறுவதே முடிந்த முடிபு எனக் கொள்ளுதலும் பொருந்தாது. அவ்விருவரும் ஆராய்ந்தோர் 249 பேர், பெரும்பாலார் ஆடவர். பெண்களுக்குரிய 0.85 என்னும் எண், பெண்களிடம் விரிவாக அளந்து பெறப்பட்டதன்று. தசை குறைவு என்னும் கருத்தாற் சேர்க்கப்பட்டது. ஆதலின் பின்வந்தோர் புதிய சூத்திரங்களை நாடினர். 1999இல் ஒன்றும், 2009இல் அதனினும் திருந்திய வேறொன்றும் அமெரிக்காவில் வெளிவந்தன. இவை கறுப்பினத்தவர்க்கெனத் தனிப்பெருக்கு எண் ஒன்றைக் கொண்டிருந்தன. மரபினத்தை அடியாகக்கொண்டு சிறுநீரகத்தை அளத்தல் முறையன்று என எழுந்த வாதத்தின் பயனாக, 2021இல் அவ்வெண் நீக்கப்பட்ட சூத்திரம் வெளியாயிற்று. இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் கிரியாற்றினினுக்கு அருகில் அச்சிட்டுத் தரும் வீதம் இத்தகைய சூத்திரங்களால் வருவதே.

அதே மூதாட்டியை 2021இன் சூத்திரத்தில் இட்டால் 48 வருகின்றது. 27 எங்கே, 48 எங்கே? வேறுபாட்டின் ஒரு பகுதி, சூத்திரத்தின் அலகிலே மறைந்து கிடக்கின்றது. புதிய சூத்திரங்கள் தரும் வீதம், உடற்பரப்பு 1.73 சதுரமீற்றர் உள்ள ஒருவருக்கு உரியதாக மாற்றப்பட்டது. இந்த 1.73, 1920களில் அமெரிக்க இளைஞரின் சராசரி உடற்பரப்பாகக் கொள்ளப்பட்ட எண். ஒரு நூற்றாண்டாக மாறாது நிற்கின்றது. மூதாட்டியின் உடற்பரப்போ ஏறத்தாழ 1.28 சதுரமீற்றர்தான். அவரது உண்மைப் பரப்புக்கு மாற்றிக் கணக்கிட்டால் 48 என்பது 36 ஆகின்றது. அமெரிக்க இளைஞரின் சட்டையை அம்மூதாட்டிக்கு அணிவித்து, அவர் பருத்தவர் என்று கூறுவதைப் போன்றது, மாற்றாத எண்ணைக்கொண்டு மருந்தளத்தல். சிறுநீரக நோயின் படிநிலையை வகுத்து ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிடுதற்கு அவ்வெண் தக்கதே. மருந்து ஒப்பீட்டுக்குச் செல்வதில்லை, ஓர் உடலுக்குள்ளேயே செல்கின்றது.

27, 36, 48 என்னும் மூன்றும் ஏட்டுக் கணக்கின் வேறுபாடுகள் மட்டுமல்ல. மெற்போமினை எடுத்துக்கொள்க. வீதம் 30இற்குக் கீழ்ப்பட்டவருக்கு இம்மருந்து ஆகாது என்பதும், 30இற்கும் 45இற்கும் இடைப்பட்டவருக்குப் புதிதாகத் தொடங்கலாகாது, முன்னரே உட்கொள்பவராயின் பொதுவாக அளவைப் பாதியாக்க வேண்டும் என்பதும் வழக்கிலுள்ள விதிகள். 48 என்னும் எண்ணின்படி மூதாட்டி இம்மருந்தை வழமைபோல் உட்கொள்ளலாம். 36இன்படி பாதியாக்க வேண்டும். 27இன்படி அறவே நிறுத்த வேண்டும். ஒரே குருதித் துளியினின்று மூன்று கட்டளைகள். மிகுந்த மெற்போமின் உடலில் இலக்டிக் அமிலத்தைப் பெருக்கி உயிருக்கே ஊறு செய்யலாம் என்பதனால், இவற்றுள் ஒன்றைத் தெரிதல் சொல்லாட்சியைப் பற்றிய வழக்கன்று.

எதனைக் கொள்ளுதல் தகும்? சிறுநீரக மருத்துவத்துக்கான பன்னாட்டு வழிகாட்டி அமைப்பு 2024இல் வெளியிட்ட நெறிகளில், உடல் எடை மிகச் சிறிதாகவோ மிகப் பெரிதாகவோ உள்ளவர்களில், சிறப்பாகப் பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகிய மருந்துகளைக் கொடுக்கும்போது, உடற்பரப்புக்கு மாற்றாத உண்மை வீதத்தைக் கருதலாமெனக் கூறப்பட்டுள்ளது. தெற்காசியரைப் பொறுத்தவரையில், அமெரிக்கச் சூத்திரம் வீதத்தை மிகைப்படுத்திக் காட்டுகின்றதென்று கராச்சியில் நடந்த ஆய்வொன்று கண்டது. இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து, மலைநாட்டின் சிறிய, மெலிந்த, முதிய உடலுக்கு அச்சிட்ட எண்ணை அப்படியே ஏற்றல் பாதுகாப்பன்று. டிகொக்சின் போன்ற மருந்துக்குத் தாழ்ந்த எண்ணைக் கருதுதலே சால்புடையது. ஆயின் உயிரைக் காக்கும் நுண்ணுயிர்க்கொல்லிக்கும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு அளவைச் சுருக்குதல் எதிர்மாறான தீங்கை விளைக்கும். தசையைச் சாராத சிசுற்றாற்றின் சி என்னும் புரதத்தை அளத்தல் இத்தகைய ஐயத்தைப் பெரிதும் தீர்க்கும். அச்சோதனையின் செலவு மிகுதி. கிரியாற்றினினைப்போல எங்கும் கிடைப்பதன்று. எடை பார்க்கும் தராசு மட்டும் எங்கும் உளது. மருந்துச் சீட்டுகளிலோ வயது எழுதப்படும் அளவுக்கு எடை எழுதப்படுவதில்லை.

கண்டியின் கிழக்கே, பதினெட்டு வளைவு கடந்து மகியங்கனை வழியாகச் செல்லும் தாழ்நிலத்தில் இவ்விடயம் வேறொரு கடுமையைப் பெறுகின்றது. 1990களிலிருந்து இலங்கையின் உலர்வலய வேளாண் மக்களிடையே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ காரணமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஒன்று பரவி வருகின்றது. மெதவாச்சி, பதவியா முதலிய வடமத்திய மாகாணப் பகுதிகளிலும், மாத்தளை மாவட்டத்து வில்கமுவையிலும், பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையிலும் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. இந்நோயாளர் பலருக்குக் கண்டி வைத்தியசாலையே உயர் சிகிச்சைக்கான இடம். நிலத்தடி நீர், வேளாண் இரசாயனங்கள், வெப்பமும் நீரிழப்பும் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் முடிவொன்று எட்டப்படவில்லை. இந்நோயின் தொடக்கத்தில் சிறுநீரிற் புரதம் மிகச் சிறிதளவே வெளிப்படும், வீக்கமில்லை, வலியில்லை. சிறுநீரகம் பாதி செயலிழந்திருந்தும் தாம் நலமுடையவர் என்றே உழவர் கருதியிருப்பர்.

அவ்வாறு கருதியிருப்பவர் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் நாடுவது வலிநீக்கி மாத்திரையை. டைக்குளோபெனாக்கு, இபுபுரோபன் முதலியவை வடிகட்டிக்குக் குருதி கொண்டுவரும் நுண்குழாயை அகலத் திறந்து வைத்திருக்கும் இயற்கைப் பொருளைத் தடுப்பன. நலமுள்ள சிறுநீரகம் அதனைத் தாங்கும். தளர்ந்ததும், வெயிலில் நீர் வற்றியதுமான சிறுநீரகம் தாங்காது. இவை பாமசியில் எளிதாகக் கிடைப்பன. வைத்தியசாலையில் ஒரு மருத்துவர், தோட்ட மருந்தகத்தில் ஒருவர், நகரத்துத் தனியார் மருத்துவர் ஒருவர் என மூவர் தனித்தனியே மருந்தெழுத, கிளினிக் கொப்பி என மக்கள் வழங்கும் குறிப்பேட்டில் ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணிற் படாது போதலும் உண்டு. ஒரே வலிநீக்கியை இரு வணிகப் பெயர்களில் இருமடங்கு உட்கொள்ளுதலும் இவ்வாறே நேர்கின்றது. மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப் பெயரால் எழுதவேண்டுமென வாதிட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர். பேராதனை மருத்துவப் பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர். அவரது கொள்கை மருந்தின் விலையைப் பற்றியதாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அதே கொள்கை சிறுநீரகத்தையும் காக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சூத்திரங்கள் யாவும் முற்றாகக் கைவிடவேண்டிய இடமும் ஒன்றுண்டு. யட்டிநுவரை, உடுநுவரை, ஹாரிஸ்பத்துவை முதலிய பகுதிகளின் வயல்களில் சேற்றிலிறங்கி வேலை செய்வோரை எலிக்காய்ச்சல் தாக்குகின்றது. 2008இல் இலங்கையில் இந்நோய் பெரிதாகப் பரவியபோது கண்டி, மாத்தளை மாவட்டங்களும் பெரிதும் பாதிக்கப்பட்டன. இந்நோய் கடுமையாகும்போது சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே செயலிழந்துவிடும். ஆனால் கிரியாற்றினின் குருதியிற் சேர்ந்து உயர்தற்குக் காலம் வேண்டும். காலையில் மதகு முற்றாக அடைபட்டாலும் மாலையிற் குளத்தின் மட்டம் சிறிதே உயர்ந்திருக்குமல்லவா? அத்தறுவாயில் எடுத்த குருதியில் 1.3 எனக் கண்டு சூத்திரத்தில் இட்டால், செயலற்ற சிறுநீரகம் நிறைவாக வினையாற்றுவதாக விடை வரும். உற்பத்தியும் வெளியேற்றமும் சமநிலையில் நிற்கும்போது மட்டுமே சூத்திரம் மெய்யுரைக்கும். இங்கு நம்பத்தக்கவை மணிதோறும் அளந்து குறிக்கப்படும் சிறுநீரின் அளவும், நாடோறும் கிரியாற்றினின் உயரும் போக்குமே. பென்சிலினின் அளவைக் கவனித்துக் கொடுத்தலும், சிறுநீரகத்தைப் பெரிதும் சாராத தொக்சிசைக்கிளின், செப்திரியாக்சோன் போன்றவற்றைத் தெரிதலும் இத்தகைய நிலையில் மருத்துவர்க்கு உதவுவன.

நோய் தணியும் காலத்தில் இதன் மறுதலை நிகழும். சிறுநீர் மீளப் பெருகத் தொடங்கிய பின்னரும் தேங்கிய கிரியாற்றினின் சில நாட்கள் உயர்ந்தே நிற்கும். சூத்திரமோ, திறந்துவிட்ட மதகை இன்னும் அடைபட்டதாகவே காட்டும். அந்நாட்களிற் பழைய எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தே கொடுத்துவரின், தேறி வரும் உடலுக்கு வேண்டிய அளவு கிட்டாது போகும். ஆதலால் அத்தகையவரின் மருந்துச் சீட்டு நாடோறும் திருத்தி எழுதப்படுகின்றது.